ஈரலா எலும்பா

குடிகாரன் வாயிலிருந்து வருகிற நாற்றத்துக்குக் கானை நாற்றம் எவ்வளவோ தேவலை. கானை ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு தன்பாட்டுக்கு நாறிக் கிடக்கும். வீட்டுக்குள் வந்து பாயில் விழுந்து, பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசாது. என் அப்பன் பேசுவான். பேசி முடித்துவிட்டு அந்தப் பாயிலேயே வாந்தி எடுப்பான். ஏழு வயதிலிருந்து அந்தப் பாயைக் கழுவியவள் நான். இப்போது நினைத்தாலும் வாயில் புளிப்பாக எச்சில் ஊறுகிறது.

மலையாள தேசத்து மட்டாஞ்சேரியில் எங்கள் கார்ப்பரேஷன் லைன் வீடுகளில் பதினெட்டு குடும்பம். எல்லாம் தாத்தன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கானை வாரவும் குப்பை அள்ளவும் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஜனம். பொழுது சாய்ந்தால் பதினெட்டு வீட்டு வாசலிலும் அதே நாற்றம். இதில் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு நானும் பாய் கழுவ வேண்டுமா என்று, வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் தட்டிக்கழித்து, இருபத்திமூன்று வயது வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் பாலையா வந்தார். கறுப்பு, எடுப்புப் பல், நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாது. ஆனால் குடிக்காத மனுஷன். எனக்கு அது போதும் என்றேன்.

கானைக்குள் இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரி நல்லசிவம் எல்லாருக்கும் ஆளுக்கு அரை கிளாஸ் ஊற்றிக் கொடுப்பார். அது எங்கள் ஆட்களிடம் இருக்கிற வழக்கம். மூக்கு மரத்தால்தான் இறங்க முடியும் என்பார்கள். அரசாங்கம் சாராயக் கடைகளை மூடி இரண்டு வருஷம் ஆகியும் வழக்கம் நிற்கவில்லை. சாராயம் போய் மலிவு பிராந்தி வந்தது, அவ்வளவுதான். பாலையா மட்டும் அந்தக் கிளாஸைத் தொடமாட்டார். நான் ஒரு துண்டு உப்பு நாரத்தங்காயைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். அதைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு இறங்குவார். மீன் சந்தைக் கழிவு, ஹோட்டல் எண்ணெய், கக்கூஸ் தண்ணீர், செத்த பெருச்சாளி எல்லாம் இடுப்பளவு கிடக்கிற இடத்தில் அந்த ஒரு துண்டு காய்தான் அவருக்குத் துணை. ஏறி வந்ததும் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார். மற்றவர்கள் அவரை 'நாரத்தங்காய்' என்றே கூப்பிட்டார்கள்.

எனக்கு அந்தப் பெயரில் பெருமை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "என் வீட்டுக்காரர் குடிச்சும் வரமாட்டார், கையும் ஓங்கமாட்டார்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பக்கத்து வீட்டு ஓமனா கன்னம் வீங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு தண்ணீருக்கு வருவாள். அவள் புருஷன் ஷிபு அதே மேஸ்திரியின் ஆள், குடித்தால் கை கால் நிற்காது. ஓமனா இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன தைலக் குப்பி செருகியிருக்கும். நான் அவளிடம் என்ன சொல்வேன் தெரியுமா? "நல்ல ஆம்பளையாப் பாத்துக் கட்டணும்டி. கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டினா இப்படித்தான்." அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். சீ, என் வாயில் அன்றைக்கு யாராவது கானைத் தண்ணீரை ஊற்றியிருக்கலாம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பாலையா பதினொரு வருஷமாகத் தினக்கூலி. நாங்கள் இருந்த லைன் வீடு என் அப்பன் பேரில் இருந்தது. அப்பன் ஈரல் வெந்து செத்த பிறகு, வீட்டில் நிரந்தர வேலைக்காரர் யாரும் இல்லை, காலி பண்ணுங்கள் என்று கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து இரண்டு முறை தாள் வந்தது. அந்த நேரத்தில்தான் பதினான்கு தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கும் லிஸ்ட் போட்டார்கள். அதில் பாலையா பேர் இருந்தது. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் டாக்டரிடம் உடம்பு நன்றாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் பேர் போய், அடுத்தவன் பேர் வரும். பேர் போனால் வீடும் போகும். எட்டாவது படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு நான் எந்தக் கடைத் திண்டில் போய்ப் படுப்பேன்?

இப்படி இருக்கிற நேரத்தில், ஜூன் மாத மழையில், அவர் விழுந்தார். குடிக்காதவன், கை நடுங்காது, அதனால் எந்தக் குழியிலும் முதலில் இறங்குவது அவர்தான் என்று மேஸ்திரி ஒரு சட்டமே வைத்திருந்தார். குடித்தவனுக்குச் சலுகை, குடிக்காதவனுக்குத் தண்டனை. இஞ்சிக் குடோன் பின்னால் இருக்கிற குழியில் இரும்புப் படி ஒன்று துருப்பிடித்து ஒடிந்து, அவர் மார்பு காங்கிரீட் விளிம்பில் மோதி உள்ளே விழுந்தார். மேலே இழுத்துப் போட்டபோது வாயில் நாரத்தங்காய் அப்படியே இருந்ததாம். அதைச் சொல்லி ஷிபு சிரித்தான்.

நல்லசிவம் அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"பேச்சி, ஆசுபத்திரின்னு போனா கேஸு, பேப்பருன்னு எழுத்துக்குத்தெல்லாம் வரும், கேட்டியா? விழுந்தவன்னு எழுதிட்டா டாக்டர் சர்டிபிகேட் தரமாட்டான். நான் இன்னிக்கு இவனை லீவுன்னு எழுதிட்டேன். நீயும் வாயத் தொறக்காதே. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்துக் கும்பளங்கிக்குக் கூட்டிப் போனேன். அங்கே எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவர் விரலால் அழுத்திப் பார்த்து, மூன்று விலா போயிருக்கிறது என்றார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பச்சிலையும் குழைத்துத் துணியில் தடவி இறுக்கிக் கட்டினார். மழைக்காலத்தில் அந்தக் கட்டு காயவே இல்லை. நாலாம் நாள் அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்க நின்றது. எங்கள் மகள் அம்பிளி சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து தின்றாள். கட்டு வெளியே தெரியாமல் இருக்க பிராட்வே கடைத்தெருவில் போய் இரண்டு அளவு பெரிய சட்டை ஒன்று வாங்கி வந்தேன். பன்னிரண்டாம் நாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். தும்மல் வந்தால் மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

ஆகஸ்ட் நடுவில் டாக்டர் பரிசோதனை. கண், காது, நெஞ்சு எல்லாம் சரி என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நீட்டமான இங்கிலீஷ் பேர் கொண்ட ஒரு வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டியது இருநூற்று அறுபத்தெட்டு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டிருக்கிறது, இருபத்தெட்டாம் தேதி வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். வராந்தாவில் நின்ற நல்லசிவம் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "நாரத்தங்காய் இத்தன வருஷமா எதுல ஊறிக்கிட்டு இருந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது" என்றார்.

ஈரல் கெட்டால் அது குடிதான் என்று எங்கள் லைனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் அப்பனைக் கொண்டுபோன ஈரல் அது. அன்று சாயங்காலம் அவர் வாசலில் கால் வைத்ததும் நான் வழிமறித்து நின்றேன்.

"ஊதுங்க."

"என்ன?"

"வாயத் தொறந்து என் மூஞ்சியில ஊதுங்க."

பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவள் முன்னால் குனிந்தார். அப்புறம் ஊதினார். நாரத்தங்காய் வாசம்தான் வந்தது. அதையும் நான் நம்பவில்லை. மறைக்கத்தானே இந்தக் காய், என் கையாலேயே மடித்துக் கொடுத்து ஏமாந்திருக்கிறேனே என்று நினைத்தேன். சட்டைப் பையை மோந்தேன். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், கூரைத் தகர இடுக்கில் எல்லாம் கையை விட்டுத் துழாவினேன். ஒரு பல்லி முட்டைதான் கையில் நசுங்கியது. அவர் சோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் பக்கத்தில் படுக்கவே அருவருப்பாக இருந்தது. அம்பிளியை நடுவில் படுக்கவைத்தேன்.

மறுநாள் காலையில் அம்பிளியையும் இழுத்துக்கொண்டு ரத்தம் பார்த்த லேபுக்குப் போனேன். அங்கே இருக்கிற ரஹீனா எனக்குத் தெரிந்த பெண். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான். அந்த லேபில் தரை துடைக்கிற வேலையை நான் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். அவள் தூக்கிப் போடுகிற சளிக் குப்பியும் மூத்திரக் குப்பியும் கழுவினவள் என்பதால் என்னிடம் அவளுக்கு மரியாதை உண்டு.

"இந்த ஒரு வரி என்னன்னு சொல்லு மோளே. குடிச்சா மட்டும்தான் இது ஏறுமா?"

ரஹீனா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு சொன்னது? ஈரல் சம்பந்தப்பட்ட மத்தது ரெண்டும் நல்லாத்தானே இருக்கு அக்கா. குடிச்சுக் கெட்ட ஈரல்னா அதுக முதல்ல ஏறும்."

"அப்போ உன் மிஷின் தப்பா?"

"மிஷின் ஒண்ணும் தப்பில்ல."

"தப்பில்லன்னா என் ரத்தத்தையும் எடு. இவ ரத்தத்தையும் எடு. நாங்க குடிக்காதவங்க. எங்களுக்கு எவ்வளவு வருதுன்னு பார்ப்போம்."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் ஊசி குத்தினாள். பாலையாவின் ரத்தம் ஒரு சின்னக் குழாயில் மிச்சம் இருக்கிறது, அதையும் இன்னொரு மாதிரி பார்க்கலாம், சாயங்காலம் வாருங்கள் என்றாள்.

சாயங்காலம் போனபோது மூன்று எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு எண்பத்துநாலு. பாலையாவுக்கு இருநூற்று அறுபத்தெட்டு. அம்பிளிக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

நான் அம்பிளியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்போ எம்மக அவ அப்பனைவிடப் பெரிய குடிகாரியா? உங்க டாக்டரக் கூப்பிடு, ஒரு வார்த்தை கேக்கணும்."

"உக்காருங்க அக்கா. சாயா குடிங்க. சொல்றேன்."

ரஹீனா சொன்னதை நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இது நம் உடம்புக்குள்ளேயே இருக்கிற ஒரு சரக்கு. மனுஷனுக்கு மட்டும் இல்லை, மாடு, பூனை, கோழி எல்லாவற்றுக்கும் உண்டு. எங்கேயாவது பாஸ்பரஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிக் கொடுப்பது இதன் வேலை. இதன் நடுவில் துத்தநாகம் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கூரைத் தகரத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிற அதே துத்தநாகம். அது இல்லாவிட்டால் இந்தச் சரக்கு வேலை செய்யாது. ஈரலில் ஒரு வகை, எலும்பில் ஒரு வகை, குடலில் ஒரு வகை, பிள்ளைத்தாய்ச்சியின் நஞ்சுக்கொடியில் ஒரு வகை. ஆனால் ரத்தத்தில் கலந்துவிட்டால் மிஷின் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

"அம்பிளிக்கு இப்ப எலும்பு நீளுற வயசு. எலும்பு கட்டி இறுகறதுக்கு இது வேணும். அதான் நானூறு. இவளுக்கு இது இல்லாட்டித்தான் பயப்படணும்."

அம்பிளி தன் பாவாடையைப் பார்த்தாள். போன ஓணத்துக்கு வாங்கியது, முழங்காலுக்கு ஏறியிருந்தது.

"அவருக்கு எது? ஈரலா எலும்பா?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு. ரத்தத்துல தெளிஞ்ச தண்ணியை ஐம்பத்தாறு டிகிரி வெந்நீர்ல பத்து நிமிஷம் வைக்கணும். எலும்புல இருந்து வந்தது சூடு தாங்காது, முக்கால்வாசிக்கு மேல செத்துரும். ஈரல்ல இருந்து வந்தது பாதியாவது நிக்கும். நஞ்சுக்கொடிது இன்னும் சூடு வச்சாலும் அசையாது. பால் கம்பெனியில சரியாச் சூடு பண்ணாங்களான்னு பாக்கறதுக்கும் இதே சரக்கைத்தான் பாப்பாங்க. பால்ல இது உசுரோட இருந்தா சூடு பத்தலைன்னு அர்த்தம்."

"அவரோடது?"

"செத்துப்போச்சு அக்கா. எலும்புதான்." ரஹீனா குரலைத் தணித்தாள். "சேட்டனுக்கு வளர்ற வயசில்லையே. சமீபத்துல எங்கியாவது எலும்பு ஒடிஞ்சுதா? ஒடிஞ்சது கூடும்போது இது ஏறும், ரெண்டு மூணு மாசம்கூட நிக்கும்."

சாயா கிளாஸைக் கீழே வைத்தேன். நாங்கள் துணி சுற்றி, பெரிய சட்டை போட்டு, பஸ் ஏறிக் கும்பளங்கிவரை போய் மறைத்ததை அந்த விலா மூன்றும் ரத்தத்துக்குள் போய்க் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதைவிட, நேற்று அவரை வாசலில் நிறுத்தி ஊதச் சொன்னேனே, அதை நினைத்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. சுவரில் சாய்ந்து நின்று அழுதேன்.

"நான் டாக்டர்கிட்ட சொல்றேன். ஒரு எக்ஸ்ரே எடுத்தா முடிஞ்சது" என்றாள் ரஹீனா.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லாதே மோளே. எக்ஸ்ரே எடுத்தா வேலை போச்சு. விழுந்த அன்னிக்கு லீவுன்னு மேஸ்திரி எழுதியிருக்கான். அதுவும் பொய்யின்னு வரும். பொய் சொன்னவன்னு பேரை வெட்டிருவாங்க."

"அப்போ என்ன சொல்வீங்க?"

ரிப்போர்ட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்குப் போய் அவர் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, "விடு" என்றார். அவ்வளவுதான். அன்று நான் அம்பிளியை ஓரத்தில் படுக்கவைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி நாங்கள் மூன்று பேரும் டாக்டர் அறைக்குள் போனோம். மலையாளத்தில் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அம்பிளியைக் கூட்டிப் போனேன். எனக்கு எழுத்தே தெரியாது. அவருக்குத் தமிழில் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்பிளிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், மலையாளம் மணிமணியாக எழுதுவாள். அங்கே கூட்டித் துடைக்கிற வேலை ஓமனாவுக்கு, வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தாமல் பாதி திறந்தே இருந்தது.

டாக்டர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. எங்களை உட்காரச் சொன்னார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார், ஆனால் சிரித்த முகமாகப் பேசினார்.

"பாலையா, குடி உண்டோ?"

"இல்ல சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உங்கள் லிஸ்டில் பதினான்கு பேர், பதின்மூன்று பேர் குடிப்பேன் என்று நேராகச் சொன்னார்கள், இந்த வேலைக்குக் குடிக்காமல் இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும், 'குடியை நிறுத்தும்படி அறிவுரை சொல்லப்பட்டது' என்று எழுதிப் பாஸ் போட்டுவிட்டேன் என்றார். அப்புறம் ரிப்போர்ட்டைத் தட்டினார்.

"நீ குடிக்காத்த ஆளாணெங்கில் இது வேற ஏதோ சீக்கு. எனிக்கு அறியாத்த சீக்கு. அப்போ மெடிக்கல் போர்டுக்கு அனுப்பணும். எக்ஸ்ரே, ஸ்கேன், எல்லாம். ரெண்டு மாசம் பிடிக்கும். லிஸ்ட் மூணு நாளில் தீரும். சத்தியம் பற, உண்மை சொல்லு."

"நான் குடிக்கிறதில்ல சார்" என்றார் பாலையா மறுபடியும். பதினொரு வருஷம் கானையில் நின்று அவர் சம்பாதித்த சொத்து அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லும்போது எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். போர்டுக்கு அனுப்புகிற தாள். அதில் தேதி போட ஆரம்பித்தார்.

"குடிப்பார் சார்" என்றேன்.

பாலையா திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. டாக்டர் பேனா நின்றது.

"எத்தர வருஷமாயி?"

"பதினொரு வருஷமா."

"திவசமும்?"

"தினமும் சார். வேலைக்கு இறங்கும்போது அரை கிளாஸ். அப்புறம் சாயங்காலம்."

என் அப்பன் குடித்த கணக்கைத்தான் ஒப்பித்தேன். டாக்டர் மஞ்சள் தாளை ஓரமாகத் தள்ளினார். ஆனாலும் சந்தேகமாகப் பார்த்தார். இவன் இல்லை என்கிறான், இவள் ஆமாம் என்கிறாள், வேலைக்காகச் சொல்கிறாளோ என்று தோன்றியிருக்க வேண்டும்.

"குடிச்சிட்டு வந்நால் அடிக்குமோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு எதிரில் அம்பிளி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. இல்லை என்று சொன்னால் மஞ்சள் தாள் திரும்பி வரும். வீடு போகும்.

"அடிப்பார் சார்."

டாக்டருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. பாவம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பாலையாவைப் பார்த்த பார்வை, செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை. அம்பிளியிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அப்பா சொல்வதாக எழுது மோளே என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். நான் பதினொரு வருஷமாகத் தினமும் மது குடிப்பவன். குடித்துவிட்டு மனைவியை அடித்திருக்கிறேன். இனிமேல் குடிக்கமாட்டேன் என்று உறுதி சொல்கிறேன்.

இரண்டாவது வரியில் அம்பிளியின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதுடி" என்றேன்.

எழுதினாள். பாலையா டாக்டரின் பேனாவை வாங்கித் தன் பேரைத் தமிழில் போட்டார். அவருக்குத் தெரிந்த மூன்று எழுத்து, ஒவ்வொன்றாக. டாக்டர் பேனாவைத் திரும்ப வாங்குவதற்கு முன்னால் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அதைத் துடைத்தார். அந்த ஸ்பிரிட் நாற்றம் அறை முழுக்க வந்தது. எல்லாம் ஒரே நாற்றம்தான். சர்டிபிகேட்டில் சீல் குத்திக் கொடுத்தார்.

படகுத்துறைப் பக்கம் வந்ததும் அவர் வேகமாக நடந்து முன்னால் போய்விட்டார். அம்பிளி அவர் பின்னால் ஓடவும் இல்லை, என்கூட நடக்கவும் இல்லை, நடுவில் வந்தாள்.

சாயங்காலம் குழாயடியில் ஓமனா வந்தாள். அவள் இத்தனை வருஷ வட்டியையும் சேர்த்து என் முகத்தில் காறித் துப்புவாள் என்று நினைத்து நின்றேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இடுப்பிலிருந்து தைலக் குப்பியை எடுத்து என் கையில் வைத்து மூடினாள்.

"முதுகுக்குன்னா லேசாச் சூடு பண்ணிப் போடு. வீக்கம் சீக்கிரம் வத்தும்" என்றாள். "எத்தன வருஷமா உள்ளுக்குள்ளேயே வச்சிருந்தேடி பேச்சி. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் புருஷன் ஷிபு. ஷிபுவுக்குத் தெரிந்தால் குடிபோதையில் கடைத்தெருவுக்குத் தெரியும். நான் குப்பியை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். அடிபட்டவளைப் போலவே முந்தானையை இழுத்துக்கொண்டு குடத்தைத் தூக்கினேன்.

வீட்டுக்குள் வந்து அந்தத் தைலத்தைச் சூடு பண்ணி, பாலையாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, மூன்று விலாவிலும் தேய்த்துவிட்டேன். இன்னும் அமுக்கினால் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நாளையிலேருந்து நாரத்தங்காய் வேண்டாம் பேச்சி."

"ஏன்?"

"மேஸ்திரி எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். நாளைக்கு ஊத்துவான். எழுதிக் கொடுத்தவன் என்னன்னு சொல்லி வேண்டாங்கறது? வேண்டாம்னா ஏண்டான்னு தோண்டுவானுக."

மறுநாள் காலையில் நான் வழக்கம்போல ஒரு துண்டு மடித்து வைத்தேன். அதை எடுக்காமலே போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஷிபு அவரைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தான். அவருக்கு முன்னால் அந்த நாற்றம் உள்ளே வந்தது. பழக்கம் இல்லாத வயிறு, பாயில் உட்காருவதற்குள் குமட்டி, பாய் முழுக்க வாந்தி எடுத்துவிட்டு அதன்மேலேயே சரிந்தார். ஷிபு சிரித்துக்கொண்டு, "உங்க ஆளு இன்னிக்குத்தான் புதுசாக் குடிக்கிற மாதிரி என்னமா நடிக்கிறான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. என்ன சொல்லிக் கத்துவது? சொல்ல வேண்டியதை எல்லாம் டாக்டரிடம் சொல்லி முடித்திருந்தேன். அவர் கையைப் பிடித்து மெல்லப் புரட்டி, வலிக்கிற பக்கம் கீழே போகாமல் தரையில் படுக்கவைத்தேன்.

அம்பிளி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் பாயின் நுனியைப் பிடித்துக் கழுவுவதற்குக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.